எழுபத்தொரு கிலோ

புந்தா அரேனாஸின் அக்டோபர்க் காற்றுக்கு
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
மனிதர் பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்தபடிதான் இரவுப் பணிக்கு வந்தேன்.
நான்காம் மாடி. ஏழாம் கட்டில்.
எராஸ்மோ வுகாசோவிச், அறுபத்து மூன்று வயது,
ராஜநண்டு பிடிப்பவர்.
நுரையீரலில் சளி கட்டி, ரத்தத்தில் கிருமி ஏறி,
சிறுநீர்ப் பையின் அடியில்
ஒரு மடக்குக்கும் காணாத ஈரம்.

சூத்திரம் எடை கேட்கும்.
கட்டில் தராசு எண்பத்தாறு என்றது.
அதில் பதினைந்து, நாங்கள் ஊற்றிய உப்புநீர்.
மனைவி தெல்மிரா யோசிக்கவே இல்லை:
"எழுபத்தொன்று.
பிப்ரவரியில் படகுத்துறையில் பந்தயம் கட்டி
நண்டுத் தராசில் ஏறி நின்றார்.
தோற்றவன் இன்னும் பீர் வாங்கித் தரவில்லை."

நூற்று நாற்பதில் வயதைக் கழித்தேன்.
எடையால் பெருக்கி, எழுபத்திரண்டால் வகுத்து,
மூன்று புள்ளி எட்டு கிரியாட்டினினாலும் வகுத்தேன்.
இருபது.
அட்டவணை சொன்னது: பாதி கொடு.

பயிற்சி மருத்துவன் லௌதாரோ
ஒரு கிராம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தான்.
அதை அடித்தேன்.
"சிறுநீரகம் செத்துக் கிடக்கிறதே, ஓதிலியா?"
அது வெளியே போகும் வாசல், தம்பி.
வாசல் அடைத்திருந்தால்
உள்ளே வர வேண்டியவரையும் தடுப்பாயா?
வீடோ வெள்ளத்தில் ஊறி விரிந்து கிடக்கிறது.
பாதி மருந்து அந்தத் தண்ணீரில் கரைந்தே போகும்,
கிருமிக்கு அது ஒரு வாய் கொப்பளிப்பு.
முதல் வேளை நிரப்புவதற்கு.
வாசலை நாளை மறுநாள் பார்ப்போம்.

செஃபிபைம். இரண்டு கிராம். எட்டு மணிக்கொருமுறை.
கீழே என் கையெழுத்தில்:
நாற்பத்தெட்டு மணிக்குப் பின் குறைக்க.

காய்ச்சல் இறங்கியது.
ரத்த அழுத்த மருந்தை ஊசிமுனை ஊசிமுனையாகக் குறைத்தோம்.
லௌதாரோ எனக்கு ஒரு எம்பனாடா வாங்கிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் காற்று விமான நிலையத்தை மூடியது.
எனக்கு மாற்றாக வர வேண்டியவர் சந்தியாகோவில் நின்றுவிட்டார்.
மூன்று வார்டுகள், நான் ஒருத்தி.
அந்த வரி
தாளின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

நான்காம் நாள் அவர் கைகள் எழுந்தன.
காற்றில் எதையோ பற்றி, இழுத்து,
பக்கத்தில் வைத்து, மறுபடி பற்றி.
தெல்மிரா அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தாள்:
"கூடை இழுக்கிறார்! கடலுக்குப் போய்விட்டார்!
எண்ணிக்கொண்டே இருக்கிறேன், நூற்றுப் பதினெட்டு."
செவிலிகள் கூடிவிட்டார்கள்.
ஒருத்தி, என் அப்பாவும் இப்படித்தான் இழுப்பார் என்றாள்.

நான் மணிக்கட்டைப் பார்த்தேன்.
இரண்டு கூடைகளுக்கு நடுவே
அது சுண்டியது.
மறுபடி சுண்டியது.
கடலில் எவர் கையும் அப்படிச் சுண்டாது.
என் இரண்டு கிராம்கள்
வெளியே போக வழியில்லாமல்
வேளைக்கு வேளை தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன.

மருந்தை நிறுத்தினோம்.
ரத்தம் கழுவும் இயந்திரத்தை இழுத்து வந்தோம்.
இரவு முழுக்க அது சுற்றியது.

விடியும்போது கைகள் ஓய்ந்தன.
தெல்மிரா என் சட்டையைப் பற்றினாள்.
"ஏன் நிறுத்திவிட்டார்? செத்துவிட்டாரா?"
இல்லை என்றேன்.
அது கடல் இல்லை, நான் குறைக்க மறந்த மருந்து என்றேன்.
அவள் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
வெகுநேரம் கழித்து,
"நூற்று நாற்பது கூடை" என்றாள்,
யாருக்கோ கணக்கு ஒப்படைப்பவள் போல.

இப்போது பையில் முப்பது மில்லி,
ஆறிப்போன மாத்தே நிறம்.
அது நல்ல செய்தியா என்று லௌதாரோ கேட்கிறான்.
காலை ரத்தம் இன்னும் ஆய்வகத்தில்.
அவர் கண் திறந்து கூரையைப் பார்க்கிறார்,
நீரை எடுத்துவிட்டதில் கன்ன எலும்புகள் தெரிகின்றன.
புதிய தாள். புதிய மருந்து.
எடை என்ற கட்டத்தின் மேல்
பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.